ரெண்டு பக்கமும் ரெண்டு கை

காரைக்குடிப் பக்கம் டென்னிஸ் பழக வரும் பிள்ளைகளில் பலருக்கு, கையில் எடுத்த முதல் மட்டை கிரிக்கெட் மட்டைதான். அதனால் ராக்கெட்டை நீட்டினால் யோசிக்காமல் இரண்டு கையாலும் பற்றிக்கொள்வார்கள். பந்து வலப்பக்கம் வந்தாலும் ரெண்டு கை, இடப்பக்கம் வந்தாலும் ரெண்டு கை. பிள்ளைக்கு அதில் ஒரு சிரமமும் இருக்காது. கம்பிவேலிக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டுப் பார்க்கிற அப்பாவுக்குத்தான் மனசு கேட்காது. "மாஸ்டர், டிவியில எல்லாரும் ஃபோர்ஹேண்டை ஒத்தக் கையிலதானே அடிக்கிறாங்க. இவன் தப்பாப் பிடிக்கிறானே?"

தப்பில்லை. டென்னிஸ் விதிப்படி ஓர் ஆட்டக்காரர் ஒரு நேரத்தில் ஒரு ராக்கெட்தான் வைத்துக்கொள்ளலாம். அதை எத்தனை கையால் பிடிக்கிறார் என்பது அவர் பாடு. இப்படி இருபுறமும் இரண்டு கையால் ஆடி விம்பிள்டன் ஜெயித்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் சும்மா கிடைக்கிற வசதியும் இல்லை இது. கைக்குக் கிடைக்கிற பலத்துக்குக் கால்தான் விலை கொடுக்க வேண்டும்.

முதலில் அடிப்படை. வலக்கைக்காரர் ஒருவருக்கு, உடம்பின் வலப்பக்கம் வரும் பந்தை அடிப்பது ஃபோர்ஹேண்ட், இடப்பக்கம் வருவதை அடிப்பது பேக்ஹேண்ட். இன்றைக்குப் பெரும்பாலான ஆட்டக்காரர்கள் ஃபோர்ஹேண்டை ஒரு கையாலும் பேக்ஹேண்டை இரண்டு கையாலும் அடிக்கிறார்கள். பேக்ஹேண்டையும் ஒரு கையால் அடிப்பவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். இரண்டையும் இரண்டு கையால் அடிப்பவர்கள் எப்போதுமே சிலர்தான். இந்தக் கட்டுரை அந்தச் சிலரைப் பற்றியது. வலக்கைக்காரரை வைத்தே சொல்லிக்கொண்டு போகிறேன். இடக்கைப் பிள்ளை வைத்திருப்பவர்கள் வலதை இடதாக்கிப் படித்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கை அடியில்?

இரண்டு கையால் பிடிக்கிறான் என்று சொன்னால் விஷயம் முடிந்துவிடாது. எந்தக் கை பிடியின் அடியில் இருக்கிறது, எந்தக் கை அதற்கு மேலே, நரம்பு கட்டிய முகத்தின் பக்கமாக இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பாதிக் குழப்பம் இங்கேதான் இருக்கிறது. பல பெற்றோர் இதைக் கவனிப்பதே இல்லை.

கிரிக்கெட்டை வைத்துப் பார்த்தால் சட்டென்று புரியும். வலக்கை பேட்ஸ்மேன் மட்டையைப் பிடிக்கும்போது பிடியின் நுனியில் இருப்பது இடது கை. பலகைக்குப் பக்கத்தில் இருப்பது வலது கை. அதே பிடியோடு அவன் ஷார்ட் பாலை லெக் சைடில் இழுத்து விளாசுகிறான் அல்லவா? ராக்கெட்டில் அதுதான் இயல்பான இரண்டு கை ஃபோர்ஹேண்ட். இடது கை அடியில், வலது கை மேலே. இடக்கை பேட்ஸ்மேனுக்கு வரிசை மாறும், வலது கை நுனியில், இடது கை பலகைப் பக்கம். டென்னிஸில் நாம் வழக்கமாகப் பார்க்கும் இரண்டு கை பேக்ஹேண்டின் பிடி அதேதான். ஆக இருபுறமும் இரண்டு கையால் ஆடுகிற பிள்ளையிடம் நாம் கேட்பது, ஒரு பந்தை வலக்கை பேட்ஸ்மேனாக ஆடு, அடுத்த பந்தை இடக்கை பேட்ஸ்மேனாக ஆடு என்பதுதான்.

இதைச் சமாளிக்க வழிகள் உண்டு. ஒன்று, பந்து வரும் பக்கத்துக்கு ஏற்பக் கையை மாற்றிக்கொள்வது. ஃபோர்ஹேண்டுக்கு இடது கை அடியில், பேக்ஹேண்டுக்கு வலது கை அடியில். இரண்டு பக்கமும் இயல்பாக வீச வரும். ஆனால் வேகமான சர்வ் (பாயின்ட்டைத் தொடங்கிவைக்கும் அடி) நம்மை வந்தடைய ஒரு நொடிகூட ஆகாது. அதற்குள் பக்கம் கணித்து, தோளைத் திருப்பி, கையையும் மாற்றியாக வேண்டும்.

இன்னொன்று, கையை மாற்றாமலே ஆடுவது. வலது கை எப்போதும் அடியில், இடது கை எப்போதும் மேலே. பேக்ஹேண்ட் எல்லாரையும் போலவே இருக்கும். ஃபோர்ஹேண்டில்தான் இடது கை நெஞ்சைக் கடந்து போய், பிடியின் மேல்பகுதியைப் பற்றிக்கொண்டு வர வேண்டும். பார்க்கிறவருக்குக் கை பின்னிக்கொண்ட மாதிரி தோன்றும். மாற்றுகிற வேலை மிச்சம், எட்டுகிற தூரம் நஷ்டம். ஏன் என்று ராக்கெட்டைக் கையில் எடுத்து நீங்களே நீட்டிப் பாருங்கள். வலப்பக்கம் முழுசாக நீட்டும்போது இடது தோள் எதுவரை வருகிறதோ அதுவரைதான் இடது கை போகும். அந்தக் கை பிடியின் அடியில் இருந்தால் ராக்கெட் முழுசும் அதற்கு அப்பால் நீண்டிருக்கும். மேலே இருந்தால் நாலு விரற்கடை அங்கேயே போயிற்று. டென்னிஸில் நாலு விரற்கடை என்பது, பந்து நரம்பில் படுவதற்கும் சட்டத்தில் பட்டு அடுத்த கோர்ட்டுக்குப் பறப்பதற்கும் உள்ள வித்தியாசம்.

இடது கையை எப்போதும் அடியில் வைத்துக்கொண்டு ஆடுவதும் உண்டு. கிரிக்கெட்டிலிருந்து வரும் பிள்ளை முதல் வாரம் இப்படித்தான் ஆடும். ஃபோர்ஹேண்ட் அபாரமாக இருக்கும். பேக்ஹேண்ட் வரும்போது மணிக்கட்டு முறுக்கிக்கொண்டு பந்து வலையில் போய் விழும். வலக்கைப் பிள்ளைக்கு இதை நான் சிபாரிசு செய்வதில்லை. பேக்ஹேண்டுக்கு மட்டும் வலது கையை அடிக்குக் கொண்டுவரச் சொல்லிக்கொடுத்தால் முதலில் சொன்ன முறைக்கு வந்து சேர்ந்துவிடும்.

என்ன லாபம்?

பந்து ராக்கெட்டின் நடுவில் படாமல் ஓரத்தில் பட்டால் ராக்கெட் கையில் திருகும். ஒரு கை பிடித்திருந்தால் அந்தத் திருகலை ஒரு மணிக்கட்டு தாங்க வேண்டும். இரண்டு கை இருந்தால் முகம் அவ்வளவு சீக்கிரம் சாயாது. சின்னப் பிள்ளைகளுக்கு இது பெரிய விஷயம். நம் ஊரில் இருக்கிற கோர்ட்டுகளில் பல சிமென்ட் தளம். அதில் பெரியவர்கள் ஆடுகிற பந்து குத்தி எழும்பினால் ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தோள் உயரம், சில சமயம் காது உயரம். அந்த உயரத்தில் ஒரு கையால் பந்தைத் தள்ளுவது எவ்வளவு கடினம் என்று பெரியவர்களுக்கே தெரியும். இரண்டு கை இருந்தால் பிள்ளை அதை அமுக்கி அடித்துவிடும்.

அடுத்தது ஒளிவு. இரண்டு கையால் அடிப்பவர் பந்து எந்தத் திசைக்குப் போகும் என்பதைக் கடைசிக் கணம்வரை காட்டாமல் வைத்துக்கொள்ளலாம். வீச்சு சின்னது, கை இரண்டும் உடம்போடு ஒட்டியிருக்கும், கடைசியில் மேல் கை கொஞ்சம் முந்தினால் பந்து குறுக்கே போகும், கொஞ்சம் பிந்தினால் கோட்டோரம் நேராகப் போகும். எதிரில் நிற்பவருக்குத் தோளைப் பார்த்து ஊகிக்க வழியில்லை. சர்வைத் திருப்பி அடிப்பதிலும் இந்தச் சின்ன வீச்சு உதவும். பின்னால் பெரிதாக இழுக்காமல், வந்த வேகத்தையே வாங்கித் திருப்பிவிடலாம். பந்து எழும்பி உச்சிக்குப் போகும் முன்பே, எழும்பும்போதே அடிக்கும் பழக்கமும் இவர்களுக்குச் சீக்கிரம் வரும்.

மோனிகா செலஸ் ஆடியதைப் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. யூகோஸ்லாவியாவின் நோவி சாத் நகரில் பிறந்தவர், இடக்கைக்காரர். கார் நிறுத்துமிடத்தில் பழகி வளர்ந்தவர். அப்பா கார்ட்டூன் வரைபவர், பந்தில் கார்ட்டூன் வரைந்து மகளை அடிக்கவைத்தார். கோர்ட்டின் பின்கோடான பேஸ்லைனுக்கு உள்ளே வந்து நின்று, இருபுறமும் இரண்டு கையால், கற்பனைக்கு எட்டாத கோணங்களில் அடித்தார். 1990இல் பிரெஞ்சு ஓபனை ஜெயித்தபோது வயது 16. இறுதிப் போட்டியில் தோற்றவர் அப்போது உலகின் முதலிடத்தில் இருந்த ஸ்டெஃபி கிராஃப். 20 வயது ஆகும் முன்பே எட்டு கிராண்ட்ஸ்லாம் (டென்னிஸின் நான்கு பெரிய தொடர்கள்) ஒற்றையர் பட்டங்கள். 1993 ஏப்ரலில் ஹாம்பர்க்கில் ஆட்டத்தின் நடுவே ஒருவன் கத்தியால் குத்தினான். இரண்டு வருஷத்துக்கு மேல் கழித்துத் திரும்பி வந்து 1996இல் ஆஸ்திரேலிய ஓபனையும் ஜெயித்தார். மொத்தம் ஒன்பது. பட்டியலில் இல்லாதது புல்தரையில் ஆடும் விம்பிள்டன்.

அந்த இடைவெளியை வைத்து, புல்தரையில் இந்த ஆட்டம் எடுபடாது என்று சிலர் முடிவு கட்டினார்கள். காரணம் கேட்டால் நியாயமாகத்தான் படும். புல்லில் பந்து குத்தி எழும்பாது, வழுக்கித் தாழ வரும். தாழ்ந்த பந்துக்கு இரண்டு கையோடு குனிவது சிரமம். (புல்தரை இங்கே யாரும் பார்த்திருக்க மாட்டோம். ஆத்தங்குடிக் கல் பதித்த வளவில் பந்தைச் சாய்வாக அடித்துப் பாருங்கள், அந்த வழுக்கலின் ருசி கொஞ்சம் தெரியும். வீட்டில் ஆச்சி இல்லாத நேரமாகப் பார்த்து.) ஆனால் 2013 விம்பிள்டன் அந்த முடிவைக் கவிழ்த்துப் போட்டது. பெண்கள் ஒற்றையரில் ஜெயித்தவர் பிரான்ஸின் மரியான் பார்தோலி, இருபுறமும் இரண்டு கை. தொடர் முழுக்க ஒரு செட்கூட இழக்கவில்லை, இறுதியில் சபீன் லிசிக்கியை 6-1, 6-4 என்று முடித்தார். அதே ஆண்டு பெண்கள் இரட்டையரில் ஜெயித்த ஜோடி தைவானின் ஷே சூ-வெய், சீனாவின் பெங் ஷுவாய். அந்த இருவருமே இருபுறமும் இரண்டு கையால் ஆடியவர்கள்! இறுதியில் அவர்களிடம் தோற்ற ஜோடியில் ஒருவர், பின்னாளில் விம்பிள்டன் ஒற்றையரை ஜெயித்த ஆஷ்லி பார்ட்டி.

ஆண்களில் ஃபாப்ரிஸ் சாந்தோரோவை எனக்கு ரொம்பப் பிடிக்கும். மற்றவர்கள் இரண்டு கையை வைத்துப் பலமாக அடித்தார்கள் என்றால், இவர் ஃபோர்ஹேண்டில் இரண்டு கையால் ஸ்லைஸ் செய்தார், அதாவது பந்தின் அடியைச் சீவி அடித்தார். பந்து மிதந்து வரும், விழுந்ததும் நின்றுவிடும், அல்லது பக்கவாட்டில் ஓடும். மாயக்காரர் என்றே பெயர். அவரைவிட உயரமும் பலமும் கூடிய மராட் சாஃபின் உலகின் முதலிடத்தில் இருந்தவர். அவர்கூட இவரிடம் ஏழு முறை தோற்று இரண்டு முறைதான் ஜெயித்திருக்கிறார். 2004 பிரெஞ்சு ஓபனில் அர்னோ கிளெமாவோடு சாந்தோரோ ஆடிய ஆட்டம் 6 மணி 33 நிமிடம், இரண்டு நாளாக நடந்தது. ஜெயித்தது சாந்தோரோ.

இவர்களுக்கெல்லாம் முன்னே ஈக்வடாரில் பாஞ்சோ செகுரா. சின்ன வயதில் எலும்பு மென்மையாகும் ரிக்கெட்ஸ் நோய், கால் வளைந்திருந்தது. ஒரு கையால் ராக்கெட்டைத் தூக்க வலுவில்லாமல்தான் ஃபோர்ஹேண்டை இரண்டு கையால் அடிக்கத் தொடங்கினார். பேக்ஹேண்ட் ஒரு கைதான் என்பதால் நம் கணக்கில் முழுசாகச் சேரமாட்டார். ஆனால் அந்த ஃபோர்ஹேண்டைப் பார்த்து அவர் காலத்துப் பெரிய ஆட்டக்காரர்களே மிரண்டார்கள்.

காலின் கணக்கு

இவ்வளவு லாபம் இருந்தும் எல்லாரும் ஏன் இப்படி ஆடுவதில்லை என்ற கேள்வி வரும். முதல் காரணம் எட்டுவது. ஒற்றையர் கோர்ட்டின் அகலம் 8.23 மீட்டர். நடுவில் நிற்பவர் ஒவ்வொரு பக்கமும் நாலு மீட்டருக்கு மேல் காக்க வேண்டும். ஒரு கையால் ஆடுபவர் கடைசியில் கையை நீட்டி ஒப்பேற்றிவிடலாம். இரண்டு கைக்காரர் அதே பந்துக்கு இன்னொரு அடி வைத்தாக வேண்டும். ஒவ்வொரு பந்துக்கும் ஓர் அடி கூடுதல் என்றால் மூன்று செட் முடியும்போது எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதையும் நம் ஊர்ச் சித்திரை வெயிலில்.

அடுத்தது உடம்புக்கு நேரே வரும் பந்து. நெஞ்சுக்கு நேராகப் பந்து வந்தால் இரண்டு முழங்கையும் விலாவில் இடித்துக்கொண்டு வீச இடமிருக்காது. மூன்றாவது, ராக்கெட் முனையின் வேகம். ஒரு கை தனியாகச் சுழலும்போது மணிக்கட்டு சாட்டையாகச் சொடுக்கும். அதில் வரும் டாப்ஸ்பின்னும் (பந்து முன்னோக்கிச் சுழல்வது) வேகமும் இரண்டு கை சேர்ந்து வீசும்போது அவ்வளவு வராது. ராக்கெட்டுகள் லேசாகிவிட்ட இந்தக் காலத்தில், ஆண்கள் ஆட்டத்தில் இந்த முறை அருகிப்போனதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

தேவகோட்டைப் பக்கமிருந்து வரும் ஒரு பெண்பிள்ளை இருபுறமும் இரண்டு கையால் ஆடுகிறாள். கையை மாற்றி ஆடுகிற முறை. அவள் கையைப் பார்ப்பதைவிட ஷூவைப் பார்ப்பதுதான் எனக்குப் பழக்கம். பந்து எதிர்ப்பக்க ராக்கெட்டை விட்டதும் முதல் அடி பெரிதாக இருக்கும், பந்தை நெருங்க நெருங்க அடிகள் சின்னதாகிக்கொண்டே போகும். கடைசி மூன்று நான்கு அடி வெறும் தத்தல்தான், சிமென்ட்டில் ரப்பர் உரசும் கீச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். அந்தத் தத்தலில்தான் பந்துக்கும் உடம்புக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்கிறாள். ஒரு கைக்காரர் அரை அடி முன்னே பின்னே நின்றாலும் கையால் ஈடுகட்டலாம். இவளுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒருநாள் கூட வந்திருந்த அவள் அப்பத்தா கேட்டார்கள்: "ஏத்தா, ஒத்தக் கையில வலு இல்லையா உனக்கு?" அவள் தண்ணீர் பாட்டிலை மூடிக்கொண்டே, "கையெல்லாம் வலுவாத்தான் இருக்கு அப்பத்தா, காலுதான் வலிக்குது" என்றாள். நான் பத்து நிமிஷம் சொல்லியிருக்கக்கூடியதை அவள் ஒரு வரியில் முடித்துவிட்டாள்.

வீட்டில் பழகுவதற்கு

கை மாற்றுவதற்குப் பந்தே வேண்டாம். வலது கை அடியில், இடது கை மேலே என்று பேக்ஹேண்ட் பிடியோடு தயாராக நிற்கட்டும். யாராவது "வலது" என்றதும் தோள் திரும்ப வேண்டும், திரும்பும்போதே வலது கை தளர்ந்து மேலே வழுக்க, இடது கை இறங்கி அடியைப் பிடிக்க வேண்டும். "இடது" என்றால் தோள் மட்டும் திரும்பினால் போதும், கை ஏற்கெனவே சரியாக இருக்கிறது. முதலில் கை, பிறகு தோள் என்று இரண்டு வேலையாகச் செய்தால் நேரம் போதாது. இரண்டும் ஒரே அசைவில் நடக்கும்வரை பந்தைக் கொண்டுவராதீர்கள். பார்தோலி ஆட்டத்தின் நடுவிலேயே, ஒரு பாயின்ட்டுக்கும் அடுத்ததற்கும் இடையில், பந்தில்லாமல் காற்றில் வீசிப் பார்த்துக்கொண்டிருப்பார். பார்த்தவர்கள் சிரித்தார்கள், அவர் கண்டுகொள்ளவில்லை.

அடுத்தது சுவர். கானாடுகாத்தான், பள்ளத்தூர்த் தெருக்களில் நடந்தால் இரு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் நீளநீளமாகச் சுவர்கள். டென்னிஸ்காரன் கண்ணுக்கு அத்தனையும் பயிற்சிச் சுவர். ஆனால் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பளபளப்பாக இழைத்த பூச்சில் பந்தின் தடம் பதிந்தால் வீட்டுக்காரர் சும்மா இருக்க மாட்டார். பின்கட்டில் பூசாத செங்கல் சுவர் இருந்தால் அதுவே போதும். நாலைந்து மீட்டர் தள்ளி நின்று மெதுவாக ஒரு ஃபோர்ஹேண்ட், ஒரு பேக்ஹேண்ட் என்று மாற்றி மாற்றி அடிக்கட்டும்.

சர்வ் எப்படியும் ஒரு கைதான். இடது கை பந்தைத் தூக்கிப்போட வேண்டும் அல்லவா. வலைக்குப் பக்கத்தில் நின்று பந்து தரையில் படும் முன் அடிக்கும் வாலியையும் ஒரு கையால் பழகி வைப்பது நல்லது. இரண்டு கையால் எட்டவே முடியாத பந்து வரும்போது இடது கையை விட்டுவிட்டு வலது கையால் மட்டும் நீட்டித் தள்ளவும் தெரிந்திருக்க வேண்டும். இது அவசர வழிதான், ஆனால் இது தெரியாதவருக்குக் கோர்ட் இரண்டு மடங்கு அகலமாகிவிடும்.

ஒரு கைக்கு மாற்றலாமா என்று யோசிக்கும் முன் ராக்கெட்டைப் பாருங்கள். அண்ணன் சென்னையில் கல்லூரியில் ஆடிய 27 அங்குல ராக்கெட்டைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு, "ரெண்டு கையால பிடிக்கிறான்" என்று குறைப்பட்டால் என்ன அர்த்தம்? பெரியவர்களின் ராக்கெட் 300 கிராம் அளவில் இருக்கும். எட்டு, ஒன்பது வயதுக்கு 23 அல்லது 25 அங்குல ராக்கெட் போதும். பந்தும் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்று குழந்தைகளுக்காக மெதுவாக எழும்பும்படி வருகிறது, அதைக் கொடுங்கள். லேசான ராக்கெட்டும் மெதுவான பந்தும் கொடுத்த பிறகும் பிள்ளை இரண்டு கையையே நாடினால், அது வலுவில்லாததால் அல்ல, அதுதான் அந்தப் பிள்ளையின் ஆட்டம். அப்போது விட்டுவிடுங்கள். பலர் தாங்களாகவே ஃபோர்ஹேண்டில் இடது கையை விட்டுவிடுவார்கள், அதுவும் நல்லதுதான். கையைக் கட்டாயப்படுத்திப் பிரிக்கிற மாஸ்டரிடம் மட்டும் அனுப்பாதீர்கள்.

ராக்கெட் வாங்கும்போது பிடியின் நீளத்தைக் கவனியுங்கள். குழந்தைகளுக்கான ராக்கெட்டுகளில் பிடி ஒன்றரைக் கைக்குத்தான் இருக்கும். மேல் கை வழுவழுப்பான சட்டத்தின் கழுத்தில் போய் நிற்கும். பிடிக்கு மேல் சுற்றும் ஓவர்கிரிப் டேப்பைக் கழுத்துவரை நீட்டிச் சுற்றிக் கொடுத்தால் சரியாகிவிடும். விற்கிற டேப் வழக்கமான பிடிக்குத்தான் அளவு, அதனால் ஒன்று போதாது, இரண்டாவதை வெட்டி ஒட்டு போட வேண்டியிருக்கும். கை மாற்றி ஆடுகிற பிள்ளைக்கு வேர்வையில் டேப் அடியிலும் மேலேயும் ஒரே வேகத்தில் தேயும். அக்னி நட்சத்திரம் நடக்கும்போது பையில் கூடுதலாக ஒன்று இருக்கட்டும்.